ஊரைக் கேட்டுவிட்டுப் பேரை எழுதுங்கள்

டெல்டாவுக்கு மாற்றலாகி வரும் வாத்தியார், வங்கிக் கவுண்டரில் புதிதாக உட்காருகிறவர், கல்யாண வீட்டில் யாரோ மொய் நோட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனதால் மாட்டிக்கொண்ட வெளியூர்ச் சிநேகிதர், இவர்களுக்கெல்லாம் வரும் தலைவலி ஒன்றுதான். எதிரே நிற்பவர் சொன்னது ஒன்று, காதில் விழுந்தது ஒன்று, எழுதினது ஒன்று, கடைசியில் அதை மைக்கில் வாசிக்கிறவர் வாயில் வருவது வேறொன்று. நான் திருவாரூர் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆன்லைன் மனுக்கள் தட்டுகிறவன். ரேஷன் கார்டு, வருமானச் சான்று, வாரிசுச் சான்று, பாஸ்போர்ட் என்று நாள் முழுக்க ஊரார் பெயர்தான் பிழைப்பு. அதில் பிடிபட்ட சில வழிகளை எழுதுகிறேன். இலக்கணப் புத்தகம் இல்லை, வேலைக்கு ஆகும்.

முதலில் ஊர், அப்புறம்தான் பேர்

"பேர் என்னங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். "எந்த ஊருங்க?" என்று ஆரம்பியுங்கள். இந்தப் பக்கத்தில் ஏகப்பட்ட பேருக்கு உள்ளூர்க் கோயில் சாமியின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் ஊர் தெரிந்தால் பெயர் காதில் விழுவதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். திருவிடைமருதூர் என்றால் மகாலிங்கம். சுவாமிமலை என்றால் சாமிநாதன். மன்னார்குடி என்றால் ராஜகோபால், பெண் என்றால் செங்கமலம். திருக்கடையூருக்கு அபிராமி, மாயவரத்துக்கு அபயாம்பாள், திருக்கண்ணபுரத்துக்கு சௌரிராஜன். ஊரும் பேரும் ஒட்டவில்லை என்றால் தாய்மாமன் ஊரையோ குலதெய்வத்தையோ விசாரியுங்கள், பெரும்பாலும் அங்கே அகப்படும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு உத்திராபதியை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்புகலூர் பக்கத்தில் திருச்செங்காட்டங்குடி, சிறுத்தொண்டர் பிள்ளைக்கறி சமைத்த ஊர். அவரைச் சோதிக்க வடதேசத்திலிருந்து வந்த பைரவச் சந்நியாசியாக சிவன் வந்தார், அதனால் அங்கே சாமிக்கு உத்தராபதீஸ்வரர் என்று பேர். உத்தரம் என்றால் வடக்கு. ஊர் வாயில் அது உத்திராபதி. அதை ஆங்கிலத்தில் தட்டும்போது யாரோ ஒருவர் ஒரு டி-யைச் சேர்க்காமல் விட்டுவிட, அந்த ஆங்கிலத்தைப் பார்த்து இன்னொருவர் மறுபடி தமிழில் எழுத, மனிதர் உதிரபதி ஆகிவிடுகிறார். ரத்தத்துக்கு அதிபதி! பெயருக்கு உரியவர் எலிக்குட்டியைக்கூட அடிக்காத ஆளாக இருப்பார். ஊரைக் கேட்டிருந்தால் இந்த வம்பே இல்லை.

திருவெண்காட்டுப் பக்கம் அகோரம் என்று பெயர் உள்ளவர்கள் உண்டு. வெளியூர் ஆள் முதலில் கொஞ்சம் பின்வாங்குவார், ஏனென்றால் அகோரப் பசி, அகோர முகம் என்றுதான் நாம் பேசிப் பழக்கம். அந்த ஊர் அகோரமூர்த்தி பெயர் அது. சமஸ்கிருதத்தில் பிரித்தால் கோரம் இல்லாதவர் என்று நேர் எதிராக வரும். கூப்பிடும்போது 'கோ'வை நீட்டி அழுத்தாமல் சாதாரணமாகச் சொன்னால் போதும், பயம் போய்விடும்.

சீர்காழியில் சட்டைநாதன், அதற்குப் பக்கத்திலேயே வைத்தீஸ்வரன்கோயிலில் தையல்நாயகி. சட்டைநாதனுக்கும் தையல்நாயகிக்கும் கல்யாணப் பத்திரிகை அடித்தால் வெளியூர்க்காரர்கள் டெய்லர் கடைத் திறப்பு விழா என்று நினைத்துக்கொள்வார்கள் என்பது இங்கே பழைய கிண்டல். தையல் என்றால் பெண் என்று தமிழ் வாத்தியார்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள், கிண்டல் ஓயவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, வீட்டில் அந்த அம்மாவைத் தையலு என்றோ நாயகி என்றோ கூப்பிடுவார்கள், ஆதாரில் முழுப்பெயர் இருக்கும், ஓட்டர் லிஸ்டில் தையல் என்று மொட்டையாக இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பஞ்சாபகேசன். திருவையாற்றுப் பெயர். ஐயாறு என்றால் ஐந்து ஆறு: காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு. அங்கே சாமி ஐயாறப்பர், வடமொழியில் பஞ்சநதீஸ்வரர், அதனால்தான் பஞ்சநதம் என்றும் ஆட்கள் இருக்கிறார்கள். பஞ்சாபகேசனும் அதே பொருள்தான். பஞ்ச, ஆபக, ஈச. ஆபகா என்றால் ஆறு. எல்லோரும் என்ன செய்கிறார்கள் என்றால் பஞ்சாப், கேசன் என்று உடைத்து வாசிக்கிறார்கள், ஏதோ லூதியானாவில் தலைமுடி வளர்த்தவர் மாதிரி. வேடிக்கை என்னவென்றால் பஞ்சாப் என்ற பாரசீகச் சொல்லுக்கும் ஐந்து நீர் என்றுதான் அர்த்தம், ஆக தப்பாக உடைத்தாலும் ஐந்து ஆற்றுக்குள்ளேயே வந்து விழுகிறோம். சொல்லும்போது 'பஞ்'சுக்கு அப்புறம் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஓட்டுங்கள். முடியவில்லை என்றால் பஞ்சு என்று கூப்பிடலாம், அவர் வீட்டிலும் அதுதான்.

கும்பகோணம் பக்கத்து ஒப்பிலியப்பன் கதை இதற்கும் ஒரு படி மேலே. ஒப்பு இல்லாத அப்பன், ஜனங்கள் நாக்கில் உப்பிலியப்பன் ஆனார், உப்பில்லாத அப்பன். இன்றைக்கும் அந்தப் பெருமாளுக்குப் பிரசாதம் உப்பு சேர்க்காமல்தான், அதற்குத் தலபுராணத்தில் கதையும் இருக்கிறது. எனவே உப்பிலி என்று ஒருவர் பெயர் சொன்னால் "ஒப்பிலிதானே சார் சரி" என்று திருத்தப் போகாதீர்கள். பெருமாளே ஒத்துக்கொண்ட உச்சரிப்பு.

ஆலங்குடி ஆபத்சகாயம், நாகப்பட்டினம் நீலாயதாட்சி, இவர்களை எழுதுவது சுலபம், சொல்வதுதான் கஷ்டம். ஆபத்சகாயத்தை எல்லோரும் ஆவச்சாயம் என்பார்கள், நீலாயதாட்சி நீலாச்சியாகிவிடுவார். காதில் ஆவச்சாயம் விழுந்தால் ஏதோ சாயப்பட்டறைப் பெயர் என்று எழுதிவிடாமல் "ஆலங்குடியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெயரே சொல்லாதவர்களிடம் கேட்பது

வயதான பெண்கள் சிலர் இன்னமும் கணவர் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். விதவை உதவித்தொகை மனுவில் கணவர் பெயர் இல்லாமல் ஒரு கட்டம்கூட நகராது. வற்புறுத்திப் பயன் இல்லை, பக்கத்தில் பேரனோ பேத்தியோ இருந்தால் பிரச்சினை தீர்ந்தது, தனியாக வந்திருந்தால் சாமியைப் பிடிக்க வேண்டியதுதான்.

"வூட்டுக்காரர் பேரு சொல்லுங்க ஆச்சி."

"நம்ம சிக்கல்ல இருக்காருல்ல தம்பி."

"நவநீதமா?"

"அது அப்பன். புள்ளையச் சொல்லு."

"சிங்காரவேலு."

தலை லேசாக ஆடும். அவ்வளவுதான், தட்டிவிட வேண்டியது. சிக்கலில் சிவன் வெண்ணெய்நாதர், அதாவது நவநீதேஸ்வரர், முருகன் சிங்காரவேலர். கோயில் தெரியாதவன் இந்தக் கவுண்டரில் உட்கார முடியாது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆச்சி தலையாட்டியதும் திரையைத் திருப்பிக் காட்டி ரேஷன் கார்டில் இருக்கும் எழுத்தோடு ஒத்துப் பாருங்கள், ஏனென்றால் சிங்காரவேல், சிங்காரவேலு, சிங்காரவேலன் மூன்றுமே கோயிலைப் பொறுத்தவரை சரி, தாலுகா ஆபீசைப் பொறுத்தவரை மூன்று வேறு ஆட்கள்.

கெங்காவும் கமலமும்

இந்தப் பகுதியை மட்டுமாவது கவனமாகப் படியுங்கள், ஆங்கிலத்தில் பெயர் எழுதுகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான வழி எனக்குத் தெரியாது.

பெரியவர்கள் கங்காவைக் கெங்கா என்பார்கள். லட்சுமி லெட்சுமி, ரங்கசாமி ரெங்கசாமி, ஜகதீசன் ஜெகதீசன், கணபதி கெணபதி, பலராமன் பெலராமன், தட்சிணாமூர்த்தி தெட்சிணாமூர்த்தி. பத்திரத்திலும் பள்ளிச் சான்றிதழிலும் அப்படியே இருக்கும். 1930-ல் ராஜாஜி உப்பு எடுக்க நடந்து வந்தாரே, அந்த வேதாரண்யத்தில் வேதரத்தினம் என்ற பெயரையும் வேதரெத்தினம் என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். படித்த பிள்ளைகள் இதையெல்லாம் கொச்சை என்று நினைத்து, தாத்தா பெயரையே திருத்தி மனு போடுகிறார்கள். கொச்சை இல்லை. கணக்குத் தப்பாமல் நடக்கிற சமாச்சாரம்.

அதே தாத்தா கமலத்தைக் கெமலம் என்று சொல்வாரா? மாட்டார். பஞ்சுவைப் பெஞ்சு என்றோ தங்கத்தைத் தெங்கம் என்றோ சொல்வாரா? கிடையாது. கமலத்துக்கும் கங்காவுக்கும் தமிழில் ஒரே 'க'தான், ஆனால் கமலத்தின் க சப்பென்று வெடிக்கும், கங்காவின் க தொண்டையில் அதிரும். அப்படி அதிர்கிற க, ஜ, த, ப, கூடவே ர, ல, இவற்றில் குறில் அகரத்தோடு தொடங்குகிற வடமொழிப் பெயர் என்றால் அந்த 'அ' நம் பக்கத்து நாக்கில் 'எ' பக்கம் சாய்ந்துவிடும். தமிழ் எழுத்தில் இல்லாத வித்தியாசத்தை தாத்தா உயிரெழுத்தில் காட்டிவிடுகிறார்.

இதைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். படிவத்தில் கணேசன் என்று இருக்கிறது, ஆங்கிலத்தில் எந்த எழுத்து? வீட்டுப் பெரியவரை ஒரு தரம் சொல்லச் சொல்லுங்கள். கெணேசன் என்று வந்தால் காந்திக்குப் போடுகிற ஜி. தனபால் தெனபால் என்று வந்தால் டெல்லி டி, வராவிட்டால் டீக்கடை டி. நெடிலுக்கு இது பலிக்காது. பாலு, பாபு, தாமு, கோபு எல்லாம் வாயைத் திறந்து கேட்டே ஆகவேண்டும்.

இனிஷியலில் இது இன்னும் கழுத்தை அறுக்கும். கணேசன் மகன் முருகனும் க. முருகன், கலியபெருமாள் மகன் முருகனும் க. முருகன். ஆங்கிலத்தில் ஒருவர் ஜி, ஒருவர் கே. ஒரே அப்பாவின் பிள்ளைகளில் பெரியவனுக்கு ஒரு வாத்தியார் கே போட, சின்னவனுக்கு இன்னொரு வாத்தியார் ஜி போட, அப்பா காலமான பிறகு வாரிசுச் சான்று வாங்கப் போகும்போது இரண்டு பேரும் அண்ணன் தம்பிதான் என்று ஊரே சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். ச-வும் இதே கேஸ்தான், சந்திரனுக்கு சி, சண்முகத்துக்கு எஸ். அப்பா பெயர் முழுதாகத் தெரியாமல் இனிஷியலை ஆங்கிலமாக்காதீர்கள். அப்புறம் சிலருக்கு இனிஷியலே ஊர்ப்பெயர். எம்.கே. தியாகராஜ பாகவதரின் எம் என்பது மாயவரம், டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் டி திருவாவடுதுறை. மாயவரம் மயிலாடுதுறை ஆகிவிட்டது, நல்லவேளை இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றே.

எழுதினால் சொல்லாதே, சொன்னால் எழுதாதே

தமிழில் ர, ல முதல் எழுத்தாக வராது என்று இலக்கணம், அதனால் இராமசாமி, இலட்சுமி, உலோகநாதன். இந்த 'இ' எழுதுவதற்கு மட்டும், வாயில் வராது. வருகைப் பதிவேட்டைப் பார்த்து "இ-ரா-ம-சா-மி" என்று ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கும் புது வாத்தியாரைப் பையன்கள் ஒரு வருஷம் விடமாட்டார்கள். ஆங்கிலத்திலும் ஐ போட வேண்டாம், ஆர் போதும்.

இதற்கு நேர்மாறு ஸ்டாலின். கீழத்தஞ்சையில் செங்கொடிச் சங்கம் வேர்விட்ட கிராமங்களில் லெனின், ஸ்டாலின், மார்க்ஸ், ஜீவானந்தம் என்று தெருவுக்குத் தெரு உண்டு. ஸ்டாலின் பெரும்பாலான வாயில் இஸ்டாலின், மார்க்ஸ் மார்க்சு. இங்கே 'இ' சொல்வதற்கு மட்டும், எழுதக்கூடாது.

ழ பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. திருவாரூர் பக்கம் காட்டூரில் பிறந்த பேராசிரியர் அன்பழகன் முதலில் இராமையா, நாவலர் நெடுஞ்செழியன் முதலில் நாராயணசாமி. தனித்தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டதும் அழகு கூடியது, கூடவே இசட்-எச் வந்து ஒட்டிக்கொண்டது. பழைய பெயரோடு இருந்திருந்தால் டெல்லியில் யாருக்கும் நாக்கு சுளுக்கியிருக்காது. வடக்கே எழிலரசியை எஸில் என்பார்கள், கனிமொழியைக் கனிமோஜி என்பார்கள். அவர்களுக்குச் சொல்லித்தர ஒரு வழி: அமெரிக்கர்கள் கார் என்று சொல்லி முடிக்கும்போது நாக்கை மடித்து விடுகிறார்களே அந்த ர், அது ழ-வுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. அதைச் சொல்லச் சொல்லி அங்கிருந்து இழுத்து வாருங்கள். நம்மில் பாதிப்பேர் வாழைப்பழத்தை வாளப்பளம் என்று சொல்லிக்கொண்டு அடுத்தவர்களுக்கு ழ வகுப்பு எடுக்கிறோம் என்பது வேறு விஷயம்.

ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒலிக்குச் சரியாக்கிவிடலாம் என்ற ஆசை மட்டும் வேண்டாம். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது, எழுத்துகளின் நீளத்தைப் பார்த்து ஊரே சிரித்தது, சில நாட்களிலேயே அரசாணை வாபஸ். தியாகராஜன் என்ற ஒரே பெயரை டி-எச்-ஒய் என்றும், டி-எச்-ஐ என்றும், வெறும் டி-ஒய் என்றும் எழுதுகிறார்கள், சென்னை தியாகராய நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் டி-எச்-இ-ஏ என்று எழுதினார். எதுவும் தப்பில்லை. அந்த ஆளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எது இருக்கிறதோ அதை ஒரு எழுத்து மாறாமல் எல்லா இடத்திலும் போடுங்கள்.

நாகூரும் வேளாங்கண்ணியும்

நாகூர் தர்காவின் பெரிய மினாரைக் கட்டியது தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். அப்படிப்பட்ட ஊருக்கு வேண்டிக்கொண்டு பிறந்த இந்துப் பிள்ளைகள்தான் பக்கிரிசாமி, நாகூரான் எல்லாம். பக்கிரியும் சாமியும் ஒரே பெயரில். பக்கிரிசாமி என்றதும் மதம் கட்டத்தில் எதையும் நீங்களாக நிரப்பிவிடாதீர்கள், கேளுங்கள். இஸ்லாமியப் பெயர்களில் சிக்கல் வேறு மாதிரி. முகைதீன், முகையதீன், மொய்தீன், மைதீன், எல்லாம் அப்துல் காதர் ஜீலானியின் பட்டப்பெயரான ஒரே முஹ்யித்தீன்தான், ஆனால் குடும்பத்துக்குக் குடும்பம் எழுத்து வேறு, அதை நீங்கள் ஒன்றாக்கக் கூடாது. சாகுல் ஹமீதை சாவுலமீது என்று சேர்த்துச் சொல்வார்கள். எழுதும்போது இரண்டு சொல்லா ஒன்றா என்று பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுங்கள்.

கிறிஸ்தவப் பெயர்களில் ஒரே புனிதர் இரண்டு வேஷத்தில் வருவார். சூசை என்றால் ஜோசப், ராயப்பன் பீட்டர், சின்னப்பன் பால், அருளப்பன் ஜான், சவரிமுத்து சேவியர். பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள், அதனால் சின்னப்பர். அப்பா பெயர் ஞானஸ்நானச் சான்றில் ஜோசப் என்றும் பட்டாவில் சூசை என்றும் இருந்தால் திடுக்கிட வேண்டாம். ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி என்றால் வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா, அதற்கு விளக்கமே தேவையில்லை.

வெள்ளைக்காரர் பெயரை நாம் படுத்தினதும் உண்டு. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் ட்ஸீகன்பால்க் இங்கே சீகன்பால்கு ஐயர் ஆனார். ஆனால் வீரமாமுனிவர் விஷயத்தில் நாம்தான் ஜெயித்தோம். கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த அந்த இத்தாலியரின் குடும்பப் பெயரை ஆங்கிலம் படித்தவர்கள் பெஸ்சி என்று வாசிப்பார்கள், தமிழில் பெஸ்கி என்று எழுதுகிறோம். இத்தாலியனில் பெஸ்கிதான் சரி.

சிரிப்பு வருகிற பெயர்கள்

பாவாடை என்று ஒரு பெரியவர் வருவார். அது பாவாடைராயன், காவல் தெய்வம். பிச்சை, குப்புசாமி என்று வருவார்கள், முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் எமன் கண்ணில் படாமல் இருக்க, பிச்சை எடுத்தது, குப்பையில் கிடந்தது என்று ஏமாற்றி வைத்த பெயர். மூக்கன், மூக்காயி என்றால் அதே காரணத்துக்காக மூக்கு குத்தியிருப்பார்கள். போதும்பொண்ணு என்று ஒரு அம்மா வந்தால் அவர் எத்தனையாவது பெண் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை, பெயரிலேயே அப்பாவின் அலுப்பு இருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்பும்போது எனக்குச் சிரிப்பு வராது.

நடைமுறைக்கு வருவோம். வரிசையில் இந்தப் பெயர்களைச் சத்தமாகக் கூப்பிடாதீர்கள். டோக்கன் நம்பர் இருக்கிறது, இல்லாவிட்டால் ஊர்ப்பெயரைச் சொல்லி "வலங்கைமான் பெரியப்பா வாங்க" என்றால் அவரே வந்துவிடுவார். இங்கே பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே வழக்கம் இல்லை, அண்ணன், மாமா, பெரியப்பா, ஆச்சி என்று போய்க்கொண்டே இருக்கலாம். கல்யாண மைக்கில் மொய் வாசிக்கிறவர் மட்டும் தப்பிக்க முடியாது, அவருக்குச் சொல்வது: வாசிக்கும் முன் நோட்டைப் பார்த்து ஒருமுறை மனதுக்குள் ஓட்டிவிடுங்கள், சிரிப்பு வந்தால் அங்கேயே வந்து முடியட்டும்.

விமானம் ஏறுகிறவர்களுக்கு

பாஸ்போர்ட்டில் வெறும் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டால் துபாய் ஆபீசில் உங்களை வருஷக்கணக்கில் மிஸ்டர் கலியபெருமாள் என்பார்கள், ஊரில் அப்பா வரப்பில் நின்று விக்கிக்கொண்டிருப்பார். போடாமல் ஒற்றைப் பெயராக விட்டாலும் தொல்லை. 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. ஆகவே அப்பா பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்

இப்போது வருகிற குழந்தைப் பெயர்களில் ஷ், ஹ, ஜ, க்ஷ இல்லாமல் ஒன்றுகூட இல்லை. வைக்கட்டும், யார் வேண்டாம் என்றது. ஒரு சின்னப் பரீட்சை மட்டும் செய்துபாருங்கள். பெயரை முடிவு பண்ணியதும் கொல்லைப்புறத்தில் இருக்கிற அப்பாயியிடம் சொல்லி, வாசல்வரை கேட்கிற மாதிரி உரக்கக் கூப்பிடச் சொல்லுங்கள். ஹரிஷ் அரீசு என்று வரும், பரவாயில்லை. லக்ஷிதா லெச்சிதா என்று வரும், அதுவும் அழகுதான். தர்ஷித் தச்சித்து என்று வந்து, அடுத்த வீட்டுக்காரர் யாருக்குத் தைச்சுது என்று எட்டிப் பார்த்தால் கொஞ்சம் யோசியுங்கள். எண் கணிதம் பார்த்து நடுவில் இரண்டு ஏ-யும் கடைசியில் ஒரு எச்சும் செருகச் சொன்னால், அந்தக் கூடுதல் எழுத்துகளை இனி எத்தனை மனுவில் விடாமல் தட்ட வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஆஸ்பத்திரியில் அவசரப்படுத்தினால் பயப்பட வேண்டாம். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம், பெயரைப் பின்னால் சேர்க்கலாம், 12 மாதத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை இடம் இருக்கிறது.